நம்மைத் திருத்துவோர் யார்?



பணிவாழ்வில் உறவும் வளர்ச்சியும் என்பது இவ்வுரைக்குத் தரப்பட்ட பொருள். அது கடல் போன்றது. ஆகவே அதன் ஒரு கரையில் மட்டும் நிற்க விரும்புகிறோம். ஆசிரியராகிய நாம் நாள்தோறும் பிறர் எழுதியதைச் சிவப்பு மையால் திருத்துகிறோம். நம் பணியைத் திருத்துவோர் யார்?

நாங்கள் இருவர் ஒரே நாளில், ஒரு தோட்டப் பள்ளியில் பணியேற்றோம். மாணவர் தொகை முப்பதை எட்டாத பள்ளி. அத்தகைய இடங்களில் கூட்டு வகுப்பு நடைபெறும் என்பதை இங்குள்ளோர் அறிவீர்கள்: இரண்டு ஆண்டு மாணவர்கள் ஓர் அறையில், ஓர் ஆசிரியரிடம். கல்லூரியில் கற்றவை அனைத்தும் முதல் வாரத்திலேயே தீர்ந்துபோயின. மூன்றாம் வாரத்தில் மூத்த ஆசிரியை ஒருவர், கேளாமலேயே எங்களில் ஒருவரின் வகுப்பில் வந்து கடைசி இருக்கையில் அமர்ந்தார். மணி அடித்ததும் சொன்னார்: "தம்பி, பதினேழு கேள்வி கேட்டீங்க. பதினேழுக்கும் நீங்களே பதில் சொல்லிட்டீங்க."

எங்களுக்குக் கோபம் வந்தது. இருவரும் சேர்ந்துகொண்டு அவரோடு பேசுவதையே குறைத்துக்கொண்டோம். பத்து நாள் கழித்து அவர் எங்கள் மேசைக்கு வந்து, "நாளைக்கு என் வகுப்புக்கு வாங்க, நான் எத்தனை கேள்விக்குப் பதில் சொல்றேன்னு எண்ணுங்க" என்றார். சென்றோம், எண்ணினோம். ஐந்து. அவர் அதைக் கேட்டு மகிழவில்லை. "ஐந்தா? மூணுன்னு நினைச்சேன்" என்று தம் பாடக்குறிப்பு ஏட்டில் எழுதிக்கொண்டார். அன்றுதான் எங்கள் கோபம் தணிந்தது. தம்மையும் எண்ணிப் பார்க்கக் கொடுப்பவரிடம் யாரால் நெடுநாள் சினந்திருக்க முடியும்?

திருக்குறளின் 45ஆம் அதிகாரமாகிய பெரியாரைத் துணைக்கோடல், கடிந்து சொல்வோரைத் தன் அருகில் வைத்துக்கொள்ளாத அரசன் பகைவர் இன்றியே கெடுவான் என்னும் கருத்தை உடையது. மேடைகளில் இதை நாம் அடிக்கடி சொல்கிறோம். பெரும்பாலும் அமைச்சர்களுக்கே சொல்கிறோம். ஆசிரியர் அறைக்கும் அது பொருந்தும் என்பதை எளிதில் மறந்துவிடுகிறோம்.

இம்மண்ணின் இலக்கிய வரலாற்றிலேயே இதற்குச் சான்று உண்டு. 1950ஆம் ஆண்டில் தமிழ் நேசன் நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 'கதை வகுப்பு' என ஒன்றைத் தொடங்கினர். கதை எழுதும் முறையை இதழ் வழியாகவே கற்பித்து, ஆர்வலர்களை எழுதச் செய்து, எழுதியதை மதிப்பிட்டனர். ஆசிரியராகவும் தோட்டங்களில் வேலை செய்பவராகவும் இருந்துகொண்டே எழுதிய ஒரு தலைமுறைக்கு அது பெருந்துணையாயிற்று. பின்னர் அதே இதழில் பணியாற்ற வந்த கு. அழகிரிசாமி, 1950களின் நடுப்பகுதியில் இலக்கிய வட்டம் நடத்தி, இங்குள்ள எழுத்தாளர்களோடு அமர்ந்து கதைகளைப் பேசினார். இதழ்ப் பணியே அவருடைய ஊதியப் பணி. வட்டம் கூட்டுவது அவருடைய வேலை விவரத்தில் இருந்திருக்காது என்றே எண்ணுகிறோம்.

அவருக்கும் திருத்துவோர் இருந்தனர் என்பதே நாம் கவனிக்க வேண்டியது. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் இடைசெவல் என்னும் ஒரே சிற்றூரில், ஒரே ஆண்டில், 1923இல் பிறந்தவர்கள். ஒருவர் பத்திரப்பதிவு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து பின் இதழியலுக்குச் சென்றார். மற்றவர் நிலத்தில் உழைத்தார். அவர்களிடையே சென்ற கடிதங்கள் பின்னாளில் நூலாயின. அந்த நட்பு இல்லாத அழகிரிசாமியை எண்ணிப் பார்ப்பது அரிது.

இனி நம் பள்ளிகளுக்கு வருவோம். ஜப்பானிய ஆசிரியர்களிடமிருந்து உலகெங்கும் பரவிய 'பாட ஆய்வு' முறையை நம் கல்வித்துறையும் ஏற்றுள்ளது. சிலர் கூடி ஒரு பாடத்தைத் திட்டமிடுவர்; ஒருவர் கற்பிப்பார்; ஏனையோர் உடனிருந்து நோக்குவர்; பின் கூடிப் பேசித் திருத்துவர். நோக்க வேண்டியது ஆசிரியரை அன்று, மாணவரை. எந்தக் குழந்தை எந்த இடத்தில் பாடத்தைக் கைவிட்டது என்பதே அங்கு கேள்வி. நடைமுறையில் நாம் என்ன செய்கிறோம்? படிவத்தை நிரப்புகிறோம், ஒரு படம் எடுத்துப் புலனக் குழுவில் பகிர்கிறோம், "சிறப்பு, வாழ்த்துகள்" என எழுதுகிறோம். குறை சொன்னால் உறவு கெடும் என்று அஞ்சுகிறோம். உண்மையில், குறை சொல்ல இயலாத அளவுக்கு அந்த உறவு மெலிந்திருக்கிறது. பழகாதவர் சொல்லும் குறை புண்படுத்தும்; ஆகவே முதலில் பழக வேண்டும். ஒரு பொட்டலம் நாசி லெமாக்கைப் பகிர்ந்துகொண்டவர் சொல்வது வேறு விதமாகக் காதில் விழும். இதைக் கற்பித்தல் கோட்பாடாக எந்த நூலும் எழுதுவதில்லை.

பணியேற்ற எங்கள் இருவரில் ஒருவர் மூன்றாம் ஆண்டில் நகரத்துப் பள்ளி ஒன்றுக்கு மாற்றலானார். பெரிய பள்ளி, வசதிகள் மிகுந்தது. ஆறு ஆண்டுகள் அங்குப் பணியாற்றினார். அதிகாரிகள் வந்தனர், புள்ளி இட்டனர், சென்றனர். உடன் பணியாற்றியோர் எவரும் அவர் வகுப்பின் கடைசி இருக்கையில் அமரவில்லை. அவரும் எவரையும் அழைக்கவில்லை. அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பணியை விட்டு விலகுவதாகத் தொலைபேசியில் தெரிவித்த இரவில், ஊதியத்தைப் பற்றியோ வேலைப்பளுவைப் பற்றியோ அவர் பேசவில்லை. "நான் நன்றாகக் கற்பிக்கிறேனா என்று எனக்கே தெரியாமல் போய்விட்டது" என்றார். அந்த ஆறு ஆண்டுகளில் இங்கிருந்து அங்குச் சென்று ஒரு நாள் அவர் வகுப்பில் அமர்ந்திருக்கலாம். ஒன்றரை மணி நேரப் பயணம்தான். நாங்கள் செல்லவில்லை.

பயிற்றுப்பணிக்குச் செல்லவிருக்கும் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். மதிப்பெண் இடும் விரிவுரையாளர் வரும் நாளுக்கு முன்னதாகவே, மதிப்பெண் இடாத ஒருவரை உங்கள் வகுப்புக்கு அழையுங்கள். உடன் பயிலும் தோழராக இருக்கலாம்; அப்பள்ளியின் மூத்த ஆசிரியராக இருக்கலாம். ஒரே ஒரு செய்தியை எண்ணித் தரும்படி கேளுங்கள். பிறகு அவர் வகுப்பில் நீங்கள் போய் அமருங்கள்.

அந்த மூத்த ஆசிரியை பணி ஓய்வு பெற்ற நாளில் தம் பாடக்குறிப்பு ஏடுகளை எங்களிடம் தந்தார். கடைசி ஏட்டின் பக்க ஓரங்களிலும் அந்த எண்கள் இருக்கின்றன: நான்கு, மூன்று, ஐந்து, மூன்று, இரண்டு.