மேசையில் ஓர் இடம்



ஒரு மாலை, மதுரையிலிருந்து சிவகாசிக்குக் காரில் திரும்பிக்கொண்டிருந்தேன். விருதுநகர் வருவதற்குள் இருட்டிவிட்டது, நல்ல பசி. எண்ணெய்ப் பரோட்டாக் கடை ஒன்றில் நிறுத்தினேன். ஒரே கூட்டம். ஒரு மேசையில் மட்டும் இடமிருந்தது. எதிரே ஒரு பட்டாசுத் தொழிலாளி. கழுவியும் போகாத அலுமினியத் தூள் அவர் விரல்களில் மின்னியது. வேறு இடம் கிடைக்குமா என்று என் கண்கள் தேடின. அவரோ, "வாங்கய்யா, உட்காருங்க" என்று சால்னாக் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினார். வெட்கிப்போனேன்.

லூக்கா நற்செய்தி 24ஆம் அதிகாரத்தில், எருசலேமிலிருந்து ஏறத்தாழ 11 கிலோமீட்டர் தொலைவிலுள்ள எம்மாவுக்கு இரு சீடர்கள் நடக்கிறார்கள். உடன் வந்தவரை அவர்கள் அறியவில்லை. ஆயினும் பொழுது சாய்ந்ததும் தங்களோடு தங்குமாறு வற்புறுத்தினார்கள். அவர் அப்பத்தைப் பிட்டபோதுதான் கண்கள் திறந்தன. முன்பின் தெரியாதவர்தானே என்று அனுப்பியிருந்தால், ஆண்டவரை அறியாமலே உண்டு உறங்கியிருப்பார்கள்.

நாடெங்கும் தீபாவளிக்கு ஒளியேற்றும் கைகள் நம் ஊர்க் கைகள். திருப்பலியில் ஒரே அப்பத்தில் பங்குகொள்ளும் நாம், கோவில் வாசலைத் தாண்டியதும் யார் அருகில் அமரத் தயங்குகிறோம்? இன்று அவருக்காகச் சற்று நகர்ந்து அமர்வோம். ஆமென்.