மலிவான எண்ணும் மறைந்த விளையாட்டும்



“வாத்தியாரே, அறுபது வெள்ளிக்கு வாங்கிய கணினி விளையாட்டை மகன் கணக்கிலிருந்து அழித்துவிட்டார்கள். இது நியாயமா?” என்று கேட்டார், எங்கள் தோட்டத்துத் தாயார் ஒருவர்.

விளையாட்டைத் திறக்கும் இரகசிய எண்ணைப் பையன் இணையத்தில் மறுவிற்பனையாளர் ஒருவரிடம் மலிவாக வாங்கியிருந்தான். இத்தகைய எண்களில் சில, திருட்டுக் கடன் அட்டையால் வாங்கப்பட்டவை. அட்டைக்கு உரியவர் புகார் செய்ததும் பணம் திரும்பிவிடும். எண்ணும் செல்லாமற் போகும். 2015 ஜனவரியில் யூபிசாஃப்ட் நிறுவனம் இப்படிப் பல எண்களை நீக்கியது. எதிர்ப்பு எழவே, முன்பே விளையாடத் தொடங்கியிருந்தவர்களுக்கு மட்டும் திருப்பித் தந்தது.

சரி, வழி என்ன? முதலில் ரசீதுடன் நிறுவனத்திடம் முறையிடுங்கள். அடுத்து, விற்றவரிடம் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். அவர் மலேசிய வியாபாரியாக இருந்து மறுத்தால், 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி அமைந்த நடுவர் மன்றத்தை நாடலாம். கட்டணம் 5 வெள்ளிதான், வழக்கறிஞர் தேவையில்லை. மூன்று ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும்.

விற்றவர் ஊர் பேர் தெரியாதவரானால் யார்மீது மனுப் போடுவது? ஆகவே பெற்றோர்களே, விலையைப் பார்க்குமுன் விற்பவரின் முகவரியைப் பாருங்கள், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.