பில்லைப் பிரித்துக் கேளுங்க

நான் பத்தாவது படிச்சவ. மைக் பிடிச்சுப் பழக்கம் இல்ல. ஆனா ஆஸ்பத்திரி பில் பற்றிப் பேசச் சொன்னதும் சரின்னுட்டேன். எங்க குழு நோட்டைப் புரட்டினா அவசரக் கடன் எல்லாம் ஆஸ்பத்திரிக்குத்தான் போயிருக்கு.

முதல்ல ஒரு குழப்பம் தீரணும். பேங்க் பாஸ்புக்குல வருஷத்துக்கு ஒரு தடவை 436 ரூபாயும் 20 ரூபாயும் பிடிக்கிறாங்கல்ல? அதைப் பார்த்துட்டு எனக்கு இன்சூரன்ஸ் இருக்குன்னு பல பேர் நம்பிட்டு இருக்காங்க. 436 ரூபாய் ஆயுள் காப்பீடு, 20 ரூபாய் விபத்துக் காப்பீடு. ஆள் இறந்தாலோ, விபத்துல கை கால் போனாலோதான் அதுல பணம். காய்ச்சல்னு படுத்தா ஒரு ரூபாய் வராது.

ஆஸ்பத்திரிச் செலவுக்கு உள்ளது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமா வந்தது, 2012-ல் இந்தப் பெயர் ஆச்சு. வருஷ வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை. வி.ஏ.ஓ.கிட்ட வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதாரோட கலெக்டர் ஆபீஸ்ல பதியணும். 2019-ல் தென்காசி தனி மாவட்டம் ஆனதால திருநெல்வேலி வரை அலைய வேண்டாம்.

போன வருஷம் குற்றாலத்துல சாரல் விழுந்த சமயம் எங்க மைனிக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். தனியார் ஆஸ்பத்திரி, பேரு வேண்டாம். திட்டத்துல சேர்ந்த ஆஸ்பத்திரிதான், அனுமதியும் வந்துட்டு. அப்புறமும் மருந்துக்குத் தனியா 18,000 கட்டுங்கன்னாங்க. அண்ணன் குழுக்கடன் கேட்டு ஆள் அனுப்பிட்டாரு. நான் கவுண்ட்டர்ல போய், எதுக்கு எவ்வளவுன்னு எழுதிக் கொடுங்கன்னேன். வந்த சீட்டுல ‘இதர வகை’ 7,400. இதரன்னா என்ன தம்பி, பஞ்சா, ஊசியான்னு கேட்டா அவருக்கே தெரியல. அங்கேயே நின்னு 1800 425 3993-க்குப் போன் போட்டேன். காசு இல்லாத நம்பர். சாயங்காலம் கட்ட வேண்டாம்னுட்டாங்க.

பிரிச்ச பில் கேட்கிறது நோயாளி உரிமைன்னு தேசிய மனித உரிமை ஆணையம் தயாரிச்ச சாசனத்துலயே இருக்கு. கேட்கக் கூச்சம் வேண்டாம். இன்னொண்ணு, ஒரே ஆஸ்பத்திரியில எலும்புக்குத் திட்டம் உண்டு, இதயத்துக்கு இல்லன்னு இருக்கும். படுக்கிறதுக்கு முன்னாலயே கேட்டுக்கோங்க.

கம்பெனி பாலிசி போட்டவங்களுக்கு வேற விதி. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024 மே மாசம் உத்தரவு போட்டிருக்கு. பணம் கட்டாத சிகிச்சைக்கு 1 மணி நேரத்துல பதில் சொல்லணும். வீட்டுக்கு அனுப்பும்போது 3 மணி நேரத்துக்குள்ள முடிக்கணும், தாமதமானா கூடுற செலவு கம்பெனி தலையில. ஏஜென்ட் வந்து, சுகர் இருக்குன்னு எழுத வேண்டாம் மதினிம்பாரு. எழுதுங்க. பழைய வியாதிக்குக் காத்திருப்பு இப்போ கூடினது 3 வருஷம்தான். மறைச்சா கிளெய்ம் அன்னைக்குக் கையை விரிச்சிருவாங்க, அந்த ஏஜென்ட் போனே எடுக்க மாட்டாரு. கம்பெனிக்கு எழுதி 30 நாள் பதில் இல்லன்னா, சென்னையில காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் இருக்காரு. ஃபீஸ் இல்ல, வக்கீலும் வேண்டாம்.

காப்பீட்டு அட்டை இல்லாதவங்க இன்னைக்கே உங்க ஊக்குநர்கிட்ட பேர் கொடுங்க. வர்ற செவ்வாய் கலெக்டர் ஆபீஸுக்கு வேன் பேசியாச்சு, ஆளுக்கு 40 ரூபாய்.