கவனமும் மனச்சோர்வும்

‘சிவப்பு’ என்னும் சொல்லைப் பச்சை மையால் எழுதி, மையின் நிறத்தை மட்டும் சொல்லுமாறு கேட்டால் நம் நா சற்றே தடுமாறும். 1935-இல் அமெரிக்கரான ஸ்ட்ரூப் வெளியிட்ட சோதனை இது. படித்தல் நமக்குத் தன்னியல்பாகிவிட்டமையால், அதனை அடக்கி வைக்கக் கவனம் வேண்டியிருக்கிறது. மனச்சோர்வு நோயுற்றோர் இதில் சராசரியாகக் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்கின்றனர். உறக்கமின்மையும் இத்தகைய தாமதத்தை விளைவிக்கும். ஆதலின் இச்சோதனையை மட்டும் கொண்டு நோயை உறுதி செய்தல் இயலாது. மருத்துவரின் விசாரணைக்கு இது ஒரு துணை, அவ்வளவே.

இந்நோய் ஆண்களைவிடப் பெண்களிடமே மிகுதியாகக் கண்டறியப்படுகிறது. ஆண்கள் பலர் துயரத்தைச் சொல்வதில்லை. சினமாகக் காட்டுவர், அல்லது வாய் மூடியிருப்பர். “ஒன்றுமில்லை ஐயா” என்பவனிடத்தும் கடிகாரம் அளக்கும் தாமதம் ஒரு குறிப்பைத் தரக்கூடும்.

நான் தலைமையாசிரியனாக இருந்தபோது, கணக்கில் முதல்வனாயிருந்த ஒருவன் கரும்பலகையைப் பார்த்தபடியே ஒன்றும் எழுதாதிருந்தான். சோம்பலென்று எண்ணி அவனைப் பெஞ்சின்மேல் நிறுத்தினேன். “எழுத்துத் தெரிகிறது ஐயா, மனத்தில் நிற்கவில்லை” என்றான். அதே வாரத்தில் வகுப்பில் அழுத மாணவி ஒருத்தியின் தாயாரை அழைத்து, மருத்துவரிடம் காட்டச் சொன்னேன். அழாத அவனைப் பற்றி நான் எவரிடமும் விசாரிக்கவில்லை.