உதவித்தொகை பிச்சை அல்ல
(பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



2018இல் நெட்ஃபிளிக்ஸில் வெளியான 'எலீட்' என்ற ஸ்பெயின் நாட்டுத் தொடரைப் பற்றிச் சொல்கிறேன். பிள்ளைகளுடன் உட்கார்ந்து பார்க்கக்கூடியது அல்ல அது. ஆபாசமும் போதையும் நிறைந்தது. ஆனால் அதன் தொடக்கக் கதை நம்மை யோசிக்க வைக்கிறது.

ஒரு பள்ளியின் கூரை இடிந்து விழுகிறது. அங்கே படித்த மூன்று ஏழைப் பிள்ளைகளுக்கு 'லாஸ் என்சினாஸ்' என்ற பணக்காரப் பள்ளியில் இடம் கிடைக்கிறது. செலவை ஏற்பது, இடிந்த கட்டடத்தைக் கட்டிய நிறுவனமே! அது தர்மம் அல்ல. செய்த தவறுக்கு ஈடு. ஆனாலும் அங்குள்ள பணக்காரப் பிள்ளைகள் அவர்களை இளக்காரமாகவே பார்க்கிறார்கள்.

மூவரில் ஒருத்தி நாதியா, பலஸ்தீன வம்சாவளிக் கடைக்காரரின் மகள். ஹிஜாபைக் கழற்று, இல்லையேல் வெளியேறு என்கிறார் தலைமையாசிரியை. படிப்பை விட மனமில்லாமல் பள்ளிக்குள் கழற்றுகிறாள். வீட்டிலோ வாப்பாவின் கண்டிப்பு. இரண்டுக்கும் நடுவே தவிக்கிறாள்.

நம் பிள்ளைகளும் உதவித்தொகையில் பெரிய பள்ளிகளுக்குப் போகிறார்கள். "ஓசியில் படிக்கிறாய், வாயைத் திறக்காதே" என்று சொல்லி அனுப்பாதீர்கள். அது அவர்கள் படித்து வாங்கிய இடம். மதிப்பெண் கேட்கும்போதே, "இன்றைக்கு யாராவது மனசு நோகப் பேசினார்களா?" என்றும் கேளுங்கள். முக்காடு பற்றிப் பேச்சு வந்தால், பிள்ளையைத் தனியே விடாமல் நீங்களே பள்ளிக்குப் போய்ப் பேசுங்கள். சொல்வதைக் கோபப்படாமல் கேளுங்கள். பயந்து மறைக்கும் பிள்ளைக்கு நம்மால் துணை நிற்க முடியாது.