நாலு பேரும் ஒரு கழகமும்

(எமது சங்கத்தின் சித்திரைப் புத்தாண்டு விழாவில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் ரெலிபோனில் கூப்பிட்டு, "அண்ணை, இந்த முறை நீங்கள் பத்து நிமிசம் கதைக்க வேணும், ஆனா அரசியல் வேண்டாம், சமயமும் வேண்டாம்" என்றார். அப்ப என்னத்தைக் கதைக்கிறது? எனக்குத் தெரிந்த மூன்றாவது விசயம் உதைபந்தாட்டம். அதைப் பற்றியே சொல்கிறேன். ஆனால் கடைசியில் செயலாளருக்குக் கொடுத்த வாக்கை முழுதாகக் காப்பாற்றுவேனோ தெரியாது.

நான் 1987இல் மொன்றியலுக்கு வந்தேன். ஊரில் நாவாந்துறை சென். மேரிசும் பாசையூர் சென். அன்ரனிசும் மோதுகிற நாளில் சைக்கிளைக் கொண்டுபோய் மதிலோடு சாத்திவிட்டு அதில் ஏறி நின்று பார்த்து வளர்ந்தவன். இங்கே வந்து பார்த்தால் எல்லாரும் ஐஸில் தடியோடு ஓடுகிறார்கள். கோத்-டெ-நேஜில் ஒரு அறையில் ஐந்து பேர். இரவில் றெஸ்ரோறன்ரில் கோப்பை கழுவுகிற வேலை. பந்து என்ற சாமான் இந்த நாட்டில் இருக்கிறதா என்றே சந்தேகம்.

1993 கோடையில் என்னோடு கோப்பை கழுவிய எல் சல்வடோர்க்காரர் ஒருவர்தான், "புதுசா ஒரு ரீம் துவங்கியிருக்கு, வாறியா?" என்று கேட்டார். அவரும் எங்களைப் போல யுத்தத்துக்கு ஓடி வந்தவர். அவருக்கும் எனக்கும் பொதுவாக இருந்தது முப்பது பிரெஞ்சுச் சொல்லும் பந்தும்தான். நானும், என்னோடு அறையில் இருந்த இரண்டு பேரும், அவருமாக நாலு பேர் போனோம். அந்த இரண்டு பேரில் ஒருவர் 1986 ஆகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் மிதந்து, மீனவர்களால் காப்பாற்றப்பட்ட 155 பேரில் ஒருவர். அவருக்குத் தண்ணீரைக் கண்டால் பிடிக்காது. மழை பெய்தால் மட்சுக்கும் வரமாட்டார்.

நீலக்கோடு மெற்றோவில் ஜோன்-ரலோனுக்கு வந்து, அங்கே மாறிக் கிறெமாசியில் இறங்கி நடந்தால் குளோட் ரொபியார் மைதானம். 1976 ஒலிம்பிக்கை ஒட்டிக் கட்டிய இடம். அங்கேதான் மொன்றியல் இம்பக்ட் விளையாடியது. அதற்கு முதல் சுப்ரா என்று ஒரு கழகம் இருந்து 1992இல் மூடுப்பட்டது. அதற்கும் முதல் மனிக் என்று ஒன்று, 1981 முதல் 1983 வரை. ஆகவே இந்த ஊரில் கழகம் தொடங்குவதும் சாவதும் புதினமில்லை. பக்கத்தில் இருந்த இத்தாலியக் கிழவர், "இரண்டு வருசம் பாப்பம்" என்று எங்களிடம் சொன்னார்.

கழகத்தைத் தொடங்கியது சப்பூற்றோ குடும்பம். நீங்கள் கடையில் வாங்குகிற சீஸ்காரர்தான். சிசிலியிலிருந்து வந்து, 1954இல் 500 டொலரும் சாமான் கொண்டுபோய்க் கொடுக்க ஒரு சைக்கிளுமாக இந்த ஊரில் தொழில் தொடங்கிய குடும்பம். எங்கள் ஆட்களுக்கு இந்தக் கதை நல்லாய்ப் பிடிக்கும். சைக்கிளில் தொடங்கியவன் எவனையும் எங்களுக்குப் பிடிக்கும்.

இரண்டாவது வருடமே, 1994இல், கொலராடோ பொக்ஸஸை 1-0 என்று வென்று ஏ.பி.எஸ்.எல். கிண்ணத்தை எடுத்தார்கள். அடுத்த நாள் வேலைக்குப் போய்ச் சொன்னேன். ஒருவருக்கும் தெரியாது. பேப்பரில் ஹொக்கிதான். கிண்ணம் எடுத்தும் யாருக்கும் தெரியாத கழகத்துக்கு ரசிகனாய் இருப்பதில் ஒரு சுகம் இருக்கிறது. இந்த ஊரில் எங்களையும் அப்போது ஒருவருக்கும் தெரியாதுதானே.

பிறகு வந்தது கெட்ட காலம். 1995 கியூபெக் வாக்கெடுப்பு உங்களுக்கு நினைவிருக்கும். அதற்கு முன்னும் பின்னும் எங்கள் சனம் சாமானைக் கட்டிக்கொண்டு 401 நெடுஞ்சாலையில் ரொறன்ரோவுக்குப் போனது. பிள்ளைகள் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துக்குத்தான் போக வேண்டும், வேலைக்கும் பிரெஞ்சு வேணும், அங்கே போனால் இங்கிலிசோடும் தமிழோடும் சமாளிக்கலாம் என்ற கணக்கு. பிழையான கணக்கென்று சொல்லமாட்டேன். எங்கள் நாலு பேரில் படகில் வந்தவர் 1997இல் ஸ்காபரோவுக்குப் போனார். இம்பக்டும் 1999 கோடையில் விளையாடவேயில்லை. 2000இல் திரும்பி வந்தது, 2001இல் காசில்லாமல் விழுந்தது, 2002இல் சப்பூற்றோவும் கியூபெக் அரசும் ஹைட்ரோ-கியூபெக்கும் சேர்ந்து இலாபநோக்கமற்ற நிறுவனமாக அதை எழுப்பி விட்டார்கள். அந்த மூன்று வருடமும் ஸ்காபரோக்காரர் ரெலிபோனில், "மச்சான், உன்ர கழகம் இருக்கோ, செத்திட்டுதோ?" என்று கேட்பார். "நீயும் நானும் இருக்கிறம்தானே" என்பேன்.

2004 செப்ரெம்பரில் அதே குளோட் ரொபியாரில் சியற்றிலை 2-0 என்று வென்று மறுபடி கிண்ணம். பதின்மூவாயிரத்துக்கு மேல் சனம். அன்று மவுரோ பியெல்லோவின் ஆட்டத்தைப் பார்த்தவன் மறக்கமாட்டான். மொன்றியலில் பிறந்து வளர்ந்த பெடியன். கழகம் நின்ற காலம் தவிர 1993 முதல் 2009 வரை இங்கேயே விளையாடி, பிறகு பயிற்றுநராகவும் வந்தவர். என்னைக் கேட்டால் ட்றொக்பாவை விட எனக்குப் பியெல்லோதான் பெரிசு. 2015இல் ட்றொக்பா வந்து, தொடக்கத்திலிருந்து இறங்கிய முதல் ஆட்டத்திலேயே மூன்று கோல் அடித்தது உண்மை. ஆனால் அந்த வருடம் புதிதாக வந்தவர்கள் எல்லாரும் தாங்கள் 1993 முதல் வருகிறோம் என்ற மாதிரிக் கதைத்தார்கள். அதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

இனி, "ஏற்றம்" என்பதைப் பற்றி ஒரு வார்த்தை. இலண்டன் ரூற்றிங்கில் என் பெரியம்மாவின் மகன் இருக்கிறார். அவர் விம்பிள்டன் ஆள். அந்தக் கழகம் 1977இல்தான் இங்கிலாந்து லீக்கின் நாலாம் பிரிவுக்குள் வந்தது. 1986இல் முதலாம் பிரிவு. 1988இல் லிவர்பூலை 1-0 என்று வென்று எப்.ஏ. கிண்ணம். படிபடியாக வென்று ஏறியது. பிறகு முதலாளிமார் அதை மில்ரன் கீன்சுக்குக் கொண்டுபோக, ரசிகர்கள் 2002இல் தாங்களே புதுக்கழகம் தொடங்கி ஒன்பதாம் படியிலிருந்து மறுபடி ஏறி 2011இல் லீக்குக்குள் வந்துவிட்டார்கள். அண்ணர் இதைச் சொல்லும்போது அவருடைய குரலே மாறும்.

இங்கே அப்படியில்லை. வட அமெரிக்காவில் நீங்கள் எத்தனை கிண்ணம் எடுத்தாலும் மேலே ஏற்றமாட்டார்கள். மேல் பிரிவான எம்.எல்.எஸ்.க்குள் போகக் காசு கட்ட வேண்டும். மைதானம் இருக்கிறதா, ஊர் பெரிதா, முதலாளி யார் என்று பார்த்து ஒரு மேசையில் இருந்து முடிவெடுப்பார்கள். இம்பக்ட் 2009இல் வன்கூவரை இரண்டு ஆட்டத்திலும் சேர்த்து 6-3 என்று வென்று கிண்ணம் எடுத்தது. ஆனால் 2010 மே மாதம் அனுமதி கிடைத்தது அதற்காக இல்லை. சுமார் 40 மில்லியன் டொலர் கட்டணம், 2008இல் திறந்த சப்பூற்றோ மைதானம், அதைப் பெருப்பிக்கும் திட்டம், இவைதான் காரணம். இலண்டன் அண்ணர் இதைக் கேட்டுச் சிரித்தார். "உது ஏற்றமில்லை, விசா" என்றார். நான் சொன்னேன், "அண்ணை, நாங்களும் ஓடி வென்று இஞ்சை வரேல்லை. மேசையில இருந்த ஒருத்தர் குத்தின முத்திரையிலதான் வந்தனாங்கள். அதுக்காக அதுக்கு முதல் பட்ட பாடு பொய்யோ?"

2012 மார்ச் 17, மேல் பிரிவில் எங்கள் ஊரில் முதல் ஆட்டம். சிக்காகோவோடு 1-1. ஒலிம்பிக் மைதானத்தில் 58,912 பேர். சல்வடோர்க்காரர் என்னைப் பார்த்து, "இவையெல்லாரும் இவ்வளவு நாளும் எங்கை இருந்தவை?" என்றார்.

ஆனால் நான் இன்று சொல்ல வந்த ஆட்டம் அது இல்லை.

2009 பெப்ரவரி 25. கொன்ககாப் சம்பியன்ஸ் லீக் காலிறுதி, மெக்சிக்கோவின் சன்ரோஸ் லகுனாவோடு. இம்பக்ட் அப்போதும் கீழ்ப்பிரிவுக் கழகம். ரிக்கற்றை நானும் மகனும் முன்னரே வாங்கி வைத்திருந்தோம். அவனுக்கு அப்போது பதின்மூன்று வயது. அந்த நாட்கள் எப்படியிருந்தன என்று இந்த மண்டபத்தில் யாருக்கும் நான் சொல்லத் தேவையில்லை. என் தங்கச்சி குடும்பம் மாத்தளன் பக்கம் என்று கடைசியாகக் கேள்விப்பட்டு மூன்று கிழமை. வீட்டில் ரெலிபோனுக்குப் பக்கத்திலேயே சாப்பாடு, நித்திரை. நீங்களெல்லாம் ஊர்வலத்துக்கும் ஒட்டாவாவுக்கும் ஆள் சேர்த்துக்கொண்டு திரிந்தீர்கள்.

அன்று பின்னேரம் மகன் கழுத்தில் நீலச் சால்வையைச் சுற்றிக்கொண்டு கதவடியில் நின்றான். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏசியிருப்பேன். மனைவி, "கூட்டிக்கொண்டு போங்கோ. அவன்ர முகத்தைப் பாக்க ஏலாது" என்றா. போனேன்.

55,571 பேர். கனடாக் கழகம் ஒன்றுக்கு அப்படிச் சனம் கூடி நான் அதற்கு முதல் கண்டதில்லை. முதல் கோல் விழுந்ததும் நானும் எழும்பிக் கத்தினேன். வாய் தானாகக் கத்தியது. பிறகு இருந்துவிட்டேன். சுற்றிவரச் சனம் குதிக்கிறது, கொங்கிறீற் அதிர்கிறது. அந்த அதிர்வு எனக்கு வேறு எதையோ நினைப்பூட்டியது. இரண்டாவது கோலுக்கு நான் எழும்பவில்லை. 2-0 வெற்றி. மெற்றோவில் சனம் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தது. மகன் என் கையைப் பிடித்தபடி வந்தான். பதின்மூன்று வயதுப் பெடியன் தகப்பனின் கையைப் பிடிக்கிற வயதில்லை.

அடுத்த நாள் ஒருவர், "நேற்று உம்மைக் காணேல்லை, எங்கை போனீர்?" என்று கேட்டார். "வேலை" என்றேன். இதுவரையும் அந்தப் பொய்யைத் திருத்தவில்லை. அவர் இன்றைக்கு இந்த மண்டபத்தில் இருக்கிறார். அண்ணை, நான் மட்சுக்குப் போனனான்.

மார்ச் 5இல் மெக்சிக்கோவில் இரண்டாவது ஆட்டம். கடைசி நிமிடம் வரைக்கும் நாங்கள்தான் அடுத்த சுற்றுக்குப் போகிற நிலை. மேலதிக நேரத்தில் இரண்டு கோல் வாங்கி 5-2 என்று தோற்றோம். மகன் அழுதான். எனக்கு அழுகை வரவில்லை. அந்த வருடம் அதற்கு வேறு காரணங்கள் இருந்தன. தங்கச்சியும் இரண்டு பிள்ளைகளும் மே மாதத்துக்குப் பிறகு மெனிக் பாம் முகாமில் இருப்பதாகத் தெரிய வந்தது. மச்சான் வரவில்லை.

மிச்சத்தைச் சுருக்கிச் சொல்கிறேன், செயலாளர் மணிக்கூட்டைப் பார்க்கிறார். 2016 நவம்பரில் ரொறன்ரோவோடு கிழக்குப் பிரிவு இறுதி. ஒலிம்பிக் மைதானத்தில் தண்டக்கட்டத்தின் கோட்டைப் பிழையாகக் கீறிவிட்டார்கள்! 61,004 பேர் இருந்து பார்க்க, பழைய கோட்டை மறைத்துப் புதுக்கோடு அடித்தார்கள். ஸ்காபரோவிலிருந்து அடுத்த நிமிடமே ரெலிபோன்: "மச்சான், உங்கடை ஊரில ரோட்டு வேலைதான் எண்டு பாத்தால், உள்ளுக்கையும் அதுவோ?" அன்று 3-2 என்று வென்றோம். அங்கே போய் 5-2 என்று தோற்றோம். 2021 ஜனவரியில் கழகத்தின் பெயரையே சி.எப். மொன்றியல் என்று மாற்றி, சினோப்பூ மாதிரி ஒரு சின்னமும் போட்டார்கள். ரசிகர்கள் கொதித்தார்கள், பிறகு சின்னத்தை மாற்றினார்கள், பெயரை மாற்றவில்லை. நான் இன்னும் இம்பக்ட் என்றுதான் சொல்கிறேன். இந்த நாட்டுக் கடதாசியில் என் அப்பாவின் பெயர் என் குடும்பப் பெயராகி, என் பெயர் முன்பெயராகி, என் மகனுக்கு என் பெயரே இல்லாமல் போனது. ஆனாலும் வீட்டில் கூப்பிடுகிற பெயரை எவனும் மாற்றவில்லை.

2022 பெப்ரவரி 23. அதே போட்டி, அதே ஒலிம்பிக் மைதானம், அதே சன்ரோஸ் லகுனா. அங்கே 1-0 என்று தோற்றுவிட்டு வந்திருந்தோம். நான் வீட்டில் ரீ.வி.க்கு முன்னால். தங்கச்சியின் இளைய மகள் 2019இல் படிக்க வந்தவள், அன்று எங்கள் வீட்டில் நின்றாள். மாமா ஏன் இருப்புக்கொள்ளாமல் நடந்து திரிகிறார் என்று அவளுக்கு விளங்கவில்லை. மகன்தான், "அப்பாவுக்கு இவங்களோட பழைய கணக்கொண்டு இருக்கு" என்றான். "என்ன கணக்கு?" என்று கேட்டாள்.

சொன்னேன். திகதியையும் சொன்னேன். அந்தத் திகதியில் அவளுக்கு ஒன்பது வயது, எங்கே இருந்தாள் என்று அவளுக்குத் தெரியும். கனநேரம் ஒன்றும் பேசவில்லை. ரீ.வி.யில் விளையாட்டுக்காரர் வரிசையாக இறங்கினார்கள். பிறகு கதிரையை இழுத்து எனக்குப் பக்கத்தில் போட்டாள்.

"எத்தினை கோல் வேணும் மாமா?"

"ரண்டு."

மூன்று அடித்தார்கள். அதில் ஒன்று இஸ்மாயில் கொனே. ஐவரி கோஸ்ற்றில் பிறந்து ஏழு வயதில் இந்த ஊருக்கு வந்த பெடியன். மருமகள் கத்தின சத்தத்துக்குக் கீழ்வீட்டுக்காரர் முகட்டில் தடியால் தட்டினார்.

நாங்கள் நாலு பேரில் இப்போது போய்வருவது நானும் சல்வடோர்க்காரரும்தான். அவருக்கு முழங்கால் ஏலாது, ஆகவே வியோ மெற்றோவிலிருந்து மெதுவாகத்தான் நடப்போம். யாருக்காவது வர விருப்பமென்றால் விழா முடிந்ததும் தேத்தண்ணி மேசைக்குப் பக்கத்தில் நிற்பேன்.