கடைசியில்தான் தரை

ஹோட்டல்ல எந்த அறைக்குப் போனாலும் குளியலறை ஒரே மாதிரி பளிச்சுன்னு இருக்கே, எப்படி? அங்கே ஆளை நம்பறதில்லை, வரிசையைத்தான் நம்பறாங்க.

உள்ளே போனதும் முதல்ல கழிப்பறைக் கோப்பையில மருந்தை ஊத்திடுவாங்க. சில நிமிஷம் ஊறினாத்தான் கறை விடும், கிருமியும் சாகும். அதுக்குள்ள கண்ணாடி, வாஷ்பேசின், ஷவர்னு மேலிருந்து கீழே வருவாங்க. கோப்பைக்கு ஒரு நிறத் துணி, பேசினுக்கு வேற நிறம். நம்ம ஊர் ஹோட்டல்கள்ல புழங்குற டாஸ்கிங்கிற பிராண்ட் மருந்துல பாட்டிலுக்கே எண் உண்டு: குளியலறைக்கு ஆர்-1, கண்ணாடிக்கு ஆர்-3, கோப்பைக்கு ஆர்-6. கடைசியில்தான் தரை. உள்ளேயிருந்து துடைச்சுக்கிட்டே வாசலுக்கு வந்துடுவாங்க.

வீட்டுலயும் இப்படிச் செய்யலாம். ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் மட்டும் கலக்கக் கூடாது. குளோரின் வாயு கிளம்பிடும்.

இதையெல்லாம் ஒருத்தர் மனைவிகிட்ட விளக்கமாச் சொன்னாராம். "வரிசை உங்களுக்குத்தான் நல்லாத் தெரியுதே"ன்னு அந்தம்மா பிரஷைக் கையில கொடுத்துட்டாங்களாம்!